கில்மைக்கலும் நேரோ வாட்டரும் ஒண்ணுதானா? அயர்லாந்து பத்தி ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். அயர்லாந்து பத்தி முன்னாடி பேசினதைப் பார்த்துட்டு ஒரு நண்பர் கேள்வி அனுப்பியிருக்காரு. அப்படியே படிக்கறேன். "ஐயா, 1920ல பிரிட்டிஷ் படையை மறிச்சுச் சுட்டவங்களுக்கு அயர்லாந்துல சிலை வெக்கறாங்க, வருஷா வருஷம் அஞ்சலி செலுத்தறாங்க. 1979ல அதையே செஞ்சவங்களைப் பயங்கரவாதிங்கறாங்க. என்ன வித்தியாசம்? அங்க இருக்கற எல்லாக் கட்சியும் துப்பாக்கியில இருந்து வந்ததுதானே? அப்புறம் ஷின் ஃபேனை மட்டும் ஏன் பழசைக் கிளறிக் கேக்கணும்? விட்டுடலாமே."

நல்ல கேள்வி. இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. வித்தியாசம் என்னங்கறது ஒண்ணு, விட்டுடலாமேங்கறது இன்னொண்ணு. முதல் கேள்வியில நண்பர் சொல்றதுல பெரும்பகுதியை நான் ஒத்துக்கறேன். ரெண்டாவதை ஒத்துக்க மாட்டேன். ஏன்னு பொறுமையா சொல்றேன், கேளுங்க.

நண்பர் 1920ன்னும் 1979ன்னும் குறிப்பாச் சொல்றதால, எதை மனசுல வெச்சுக் கேக்கறாருன்னு எனக்குப் புரியுது. 2020 நவம்பர் கடைசியில ஐ.ஆர்.ஏ.ங்கற ஆயுதப் படையோட அரசியல் கிளைன்னு அறியப்பட்ட ஷின் ஃபேன் கட்சியோட, அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் பிரையன் ஸ்டேன்லி ஒரு ட்வீட் போட்டாரு. கில்மைக்கல், நேரோ வாட்டர், இந்த ரெண்டு தாக்குதலையும் ஒரே வரியில சேர்த்து, அயர்லாந்தைப் பிடிச்சு வெச்சிருந்தா என்ன விலை கொடுக்கணும்னு பிரிட்டனுக்குப் பாடம் சொன்ன சம்பவங்கள்ங்கற மாதிரி எழுதினாரு. பெரிய கொந்தளிப்பு. அவரு அதை நீக்கிட்டு மன்னிப்புக் கேட்டாரு. ஆனா கேள்வி போகலை. ஏன்னா அந்த ஒரு வரிதான் அந்த நாட்டோட நூறு வருஷத்துச் சண்டை.

ரெண்டு இடத்துலயும் என்ன நடந்துதுன்னு கிட்டப் போய்ப் பார்ப்போம். கில்மைக்கல் தெற்கே கார்க் மாவட்டத்துல இருக்கு. 1920 நவம்பர் 28. பாறையும் சேறுமா இருக்கற ஒரு பாதை. டாம் பாரின்னு 23 வயசுப் பையன், முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் ராணுவத்துலயே இருந்துட்டு வந்தவன், ஆட்களோட பாறை மறைவுல காத்திருக்கான். ரெண்டு லாரியில ஆக்ஸிலியரிங்கற போலீஸ் படை வருது. 17 பேர் செத்தாங்க, ஐ.ஆர்.ஏ. பக்கம் 3 பேர். அவங்க சரணடையற மாதிரி நடிச்சுட்டு மறுபடி சுட்டாங்க, அதனாலதான் யாரையும் விடலைன்னு பாரி சொன்னாரு. அப்படி எதுவும் நடக்கலை, கையைத் தூக்கினவங்களையே சுட்டாங்கன்னு சொல்ற வரலாற்றாசிரியர்களும் இருக்காங்க. இன்னிக்கும் அந்த வாதம் ஓயலை. அந்த 17 பேர்ல ஒருத்தர் காயத்தோட தப்பிச்சு ஓடினாரு. பக்கத்துலயே பிடிச்சு, சுட்டு, சதுப்பு நிலத்துல புதைச்சுட்டாங்க. இவரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரேன்.

நேரோ வாட்டர் வடக்கே, இன்னிக்கும் பிரிட்டனோட இருக்கற வடக்கு அயர்லாந்துல, வாரன்பாயின்ட் பக்கத்துல எல்லையோரம். 1979 ஆகஸ்ட் 27. ரோட்டோரமா வைக்கோல் ஏத்தின ஒரு டிரெய்லர் நிக்குது. ராணுவ வண்டி தாண்டும்போது வைக்கோலுக்குள்ள இருந்த குண்டு வெடிச்சு 6 பேர் செத்தாங்க. மிச்சம் இருந்தவங்களும் உதவிக்கு வந்தவங்களும் எதிர்ல ஒரு கோட்டைக் காவலாள் வீடு, அங்கதான் ஒதுங்குவாங்கன்னு ஐ.ஆர்.ஏ. கணக்குப் போட்டிருந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு அங்க ரெண்டாவது குண்டு. இன்னும் 12 பேர். ராணுவம் பதிலுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் சுட்டதுல சம்பந்தமே இல்லாத ஒரு ஆள் போய்ச் சேர்ந்தாரு. செத்த 18 வீரர்கள்ல பெரும்பாலானவங்க பாராசூட் ரெஜிமென்ட். 1972ல டெர்ரி நகரத்துல ஊர்வலம் போனவங்களைச் சுட்டு, அன்னிக்கே 13 பேரைக் கொன்னுச்சே, அதே ரெஜிமென்ட். அதனால வடக்குல நிறைய கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நேரோ வாட்டர் செய்தி வேற மாதிரி கேட்டுது. அதைப் புரிஞ்சுக்காம இந்தச் சண்டையைப் புரிஞ்சுக்க முடியாது.

அதே நாள், மேற்கே முல்லமோர் கடற்கரையில ஒரு படகுல குண்டு வெச்சாங்க. மவுன்ட்பேட்டன். நம்ம பாடப் புத்தகத்துல வர்ற கடைசி வைஸ்ராய்தான். அவருக்கு 79 வயசு. அவரோட சேர்ந்து செத்தவங்க, 14 வயசுப் பேரன், படகுல வேலைக்கு வந்த 15 வயசு உள்ளூர்ப் பையன், 83 வயசு மூதாட்டி. ட்வீட்ல நேரோ வாட்டர் இருந்துச்சு, முல்லமோர் இல்லை. ரெண்டும் ஒரே அமைப்பு, ஒரே நாள்ல செஞ்சது.

இப்ப கட்சிகளோட பூர்வீகத்துக்கு வருவோம். இங்கதான் நண்பர் சொல்றது நூத்துக்கு நூறு சரி.

1921 டிசம்பர்ல பிரிட்டனோட ஒப்பந்தம் போட்டாங்க. 1922 ஜனவரியில டாய்ல், அதாவது அவங்க நாடாளுமன்றம், 64க்கு 57ன்னு அதை ஏத்துக்கிச்சு. வெறும் 7 ஓட்டு வித்தியாசம். அதை ஏத்துக்கிட்டவங்களுக்கும் எதிர்த்தவங்களுக்கும் ஜூன்ல உள்நாட்டுப் போர். நேத்து வரைக்கும் ஒரே வீட்டுல ஒளிஞ்சிருந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கறாங்க. ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்டவங்க வழியில வந்தது ஃபினே கேல் கட்சி. எதிர்த்த டி வலேரா 1926ல ஆரம்பிச்சது ஃபியனா ஃபால். அந்த நாட்டை மாத்தி மாத்தி ஆண்டது இந்த ரெண்டு கட்சியும்தான். அவங்க சேர்ந்து ஒரே அமைச்சரவையில உக்காரறதுக்கு 2020 ஆயிடுச்சு.

அந்தப் போர்ல, ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்டவங்களோட அரசாங்கம் 77 பேரைச் சுட்டுக் கொன்னுச்சு. 1922 டிசம்பர் 8ஆம் தேதி காலையில 4 பேர், எந்த விசாரணையும் இல்லாம, முந்தின நாள் ஒரு எம்.பி. கொல்லப்பட்டதுக்குப் பழிக்குப் பழியா. அதுல ஒருத்தர் ரோரி ஓ'கானர். அந்தத் தண்டனைக்குச் சம்மதம் கொடுத்த அமைச்சர்கள்ல ஒருத்தர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ். ஒரு வருஷம் முன்னாடி ஓ'ஹிக்கின்ஸ் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னவரு இதே ரோரி ஓ'கானர். 1927ல சர்ச்சுக்குப் போற வழியில ஓ'ஹிக்கின்ஸை ஐ.ஆர்.ஏ.காரங்க சுட்டுட்டாங்க.

இன்னொண்ணு சொல்லணும். 1923 மார்ச், கெர்ரி மாவட்டத்துல பாலிசீடின்னு ஒரு இடம். அரசாங்க ராணுவம் 9 கைதிகளைக் கையைக் கட்டி, ஒருத்தரோட ஒருத்தரைப் பிணைச்சு, கண்ணிவெடியைச் சுத்தி நிக்க வெச்சு வெடிச்சாங்க. எட்டுப் பேர் சிதறிட்டாங்க. ஒன்பதாவது ஆள், ஸ்டீபன் ஃபுல்லர், வெடிச்ச வேகத்துல தூக்கி எறியப்பட்டுத் தப்பிச்சுட்டாரு. ராணுவத்துக்குத் தெரியலை, 9 சவப்பெட்டி செஞ்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஃபுல்லர் பின்னாடி ஃபியனா ஃபால் எம்.பி.யா ஆனாரு. பிரசாரத்துல அந்தச் சம்பவத்தை அவரு எடுக்கவே மாட்டாராம். ஓட்டு வாங்க அதைவிடப் பெரிய கதை யாருகிட்ட இருந்துச்சு? எனக்கு அந்த மனுஷன் மேல பெரிய மரியாதை.

ஆட்சிக்கு வந்ததும் ஃபியனா ஃபால் என்ன செஞ்சுது? 1940கள்ல தன்னோட பழைய தோழர்களையே விசாரணையில்லாம முகாம்ல அடைச்சுது, சிலருக்கு மரண தண்டனையும் கொடுத்துது. லேபர்ங்கற தொழிற்கட்சியையும் விடக் கூடாது. 1969 கடைசியில ஐ.ஆர்.ஏ. ரெண்டா உடைஞ்சுது, அஃபிஷியல், புரொவிஷனல்னு. நேரோ வாட்டர்ல குண்டு வெச்சது புரொவிஷனல் பிரிவு. அஃபிஷியல் பிரிவு 1972ல இங்கிலாந்துல ஆல்டர்ஷாட் ராணுவ முகாம்ல குண்டு வெச்சு 7 பேரைக் கொன்னுச்சு. செத்ததுல 5 பேர் துப்புரவு வேலை பார்த்த பெண்கள். அந்தப் பிரிவோட அரசியல் கிளைதான் பேர் மாறி மாறி ஒர்க்கர்ஸ் பார்ட்டி ஆச்சு. அதுல இருந்து பிரிஞ்சு வந்தவங்க 1999ல தொழிற்கட்சியோட சேர்ந்தாங்க, அவங்கள்ல இருந்து தலைவர்களும் வந்தாங்க. அந்தத் தலைவர்கள் ஆயுதம் தூக்கினாங்கன்னு நான் சொல்லலை. வேர் எங்க இருக்குன்னுதான் சொல்றேன்.

அப்ப டப்ளின்ல யாராவது எழுந்து "எங்க கட்சி கை சுத்தம், உங்க கையில ரத்தம்"னு சொன்னா, அது வரலாறு தெரியாத பேச்சு. இதுல நண்பர் பக்கம்தான் நானும். ஒவ்வொரு கட்சியும் தான் துப்பாக்கியைக் கீழ வெச்ச தேதியில ஒரு கோடு போடுது. கோட்டுக்கு முன்னாடி நடந்தது விடுதலைப் போர், பின்னாடி நடந்தது கொலைங்குது.

அடுத்து, மக்கள் ஆதரவு இருந்துச்சாங்கற வாதம். பழைய ஐ.ஆர்.ஏ.வுக்கு 1918 தேர்தல் இருந்துச்சு, ஷின் ஃபேன் 105ல 73 தொகுதி ஜெயிச்சுது, அதனால அது மக்கள் அனுமதியோட நடந்த போர்னு ஃபினே கேல், ஃபியனா ஃபால் ஆட்கள் சொல்வாங்க. உண்மைதான், ஆனா முழு உண்மை இல்லை. டப்ளின்ல பிரிட்டனுக்கு எதிரா நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சிக்கு யாரும் ஓட்டுப் போடலை. 1919 ஜனவரி 21, முதல் டாய்ல் கூடின அதே நாள், டிப்பரரியில சோலஹெட்பெக்ங்கற இடத்துல 2 போலீஸ்காரங்களைச் சுட்டாங்க, டாய்லைக் கேக்கவே இல்லை. ஐ.ஆர்.ஏ. செய்யறதுக்கு நாங்க பொறுப்புன்னு டாய்ல் அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டது 1921லதான். அதாவது போர் முடியப் போற நேரத்துல.

சரி, இதே அளவுகோலை இந்தப் பக்கமும் வெச்சுப் பார்க்கணுமில்லையா? பலர் இங்க நின்னுடறாங்க. 1983 பிரிட்டிஷ் பொதுத்தேர்தல்ல வடக்கு அயர்லாந்துல ஷின் ஃபேன் வாங்கினது 13.4 சதவீதம். ஆயுதத்தை எதிர்த்த ஜான் ஹியூம் கட்சி, எஸ்.டி.எல்.பி., 17.9 சதவீதம். பாபி சாண்ட்ஸ் உள்பட 10 கைதிகள் சிறையில உண்ணாவிரதத்துல செத்து ரெண்டே வருஷம் ஆகியிருக்கு, உணர்ச்சி உச்சத்துல இருந்த காலம். அப்பவும் வடக்குக் கத்தோலிக்கர்கள்ல அதிகம் பேர் துப்பாக்கி வேண்டாம்னு சொன்ன கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க. தெற்குல 1987ல ஷின் ஃபேன் 2 சதவீதம்கூட வாங்கலை. எஸ்.டி.எல்.பி.யை ஷின் ஃபேன் முதல்முதலா முந்தினது 2001ல. போர் நிறுத்தம் வந்து, 1998ல பெரிய வெள்ளி ஒப்பந்தம்ங்கற அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதுக்கப்புறம். யாருக்காகப் போராடறோம்னு சொன்னாங்களோ, அந்த ஜனங்க ஆயுதம் ஓஞ்ச பிறகுதான் பெருவாரியா அவங்களுக்கு ஓட்டுப் போட்டிருக்காங்க.

2022ல ஷின் ஃபேனோட மிஷேல் ஓ'நீல், இப்ப வடக்கு அயர்லாந்தோட முதல் அமைச்சர், அந்தக் காலத்துல வேற வழி இல்லைங்கற மாதிரி ஒரு பேட்டியில சொன்னாங்க. வேற வழியில நடந்தவங்களுக்கு அது எவ்வளவு வலிச்சிருக்கும். 1968ல சிவில் உரிமை கேட்டு ஊர்வலம் போனவங்களை டெர்ரியில போலீஸ் தடியால அடிச்சுது, 1969ல பெல்ஃபாஸ்ட்ல பாம்பே தெருவையே எரிச்சாங்க, 1972ல ராணுவம் சுட்டுது, அப்புறம் ஒரு நீதிபதி வந்து செத்தவங்க மேலயே சந்தேகத்தைப் போட்டு அறிக்கை எழுதினாரு. 2010ல சவில் அறிக்கை வந்துதான், அவங்கள்ல யாரும் ஆபத்து விளைவிக்கலைன்னு அரசாங்கம் ஒத்துக்கிச்சு. 38 வருஷம்! கோபத்துல பசங்க ஐ.ஆர்.ஏ.ல சேர்ந்தாங்கன்னா எனக்குப் புரியுது. ஆனா அதே டெர்ரியில, அதே தெருவுல, அதே அநியாயத்தைப் பார்த்தவர்தான் ஹியூமும். 1973லயே சன்னிங்டேல்ல அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் வந்துது. பிரிட்டனோடயே இருக்கணும்ங்கற யூனியனிஸ்ட்காரங்க வேலைநிறுத்தம் பண்ணி 1974 மே மாசம் அதைக் கவுத்தாங்க, ஐ.ஆர்.ஏ.வும் அதை ஏத்துக்கலை. 1998ல வந்த ஒப்பந்தத்தை எஸ்.டி.எல்.பி.யோட ஷேமஸ் மாலன், பாடம் மெதுவா ஏறுறவங்களுக்கான சன்னிங்டேல்னு சொன்னாரு. நடுவுல 24 வருஷம். 1960கள் கடைசியில இருந்து 1998 வரைக்கும், சுமார் முப்பது வருஷத்துல மொத்தம் 3,500க்கு மேல உயிர் போச்சு. சுமாரா பத்துல ஆறு பேரைக் கொன்னது ஐ.ஆர்.ஏ. மாதிரி குடியரசுவாத ஆயுதக் குழுக்கள், மூணு பேரை யூனியனிஸ்ட் பக்கத்து ஆயுதக் குழுக்களான லாயலிஸ்ட்கள், ஒருத்தரை அரசுப் படைகள். இந்தக் கணக்கை முழுசாச் சொல்லாத எந்தக் கட்சிக்காரர் பேச்சையும் நான் பாதியாத்தான் எடுத்துப்பேன்.

இப்ப ரெண்டாவது கேள்வி. எல்லாரும் அப்படித்தானே, விட்டுடலாமே.

2011 அக்டோபர். மார்ட்டின் மெக்கின்னஸ் தெற்கு அயர்லாந்து ஜனாதிபதி தேர்தல்ல நிக்கறாரு. 1972ல டெர்ரி ஐ.ஆர்.ஏ.ல ரெண்டாம் நிலைத் தலைவரா இருந்தேன்னு விசாரணை ஆணையத்துக்கிட்டயே சொன்னவரு. அமைதிக்காக அவரு செஞ்சதும் சின்ன விஷயம் இல்லை, எதிர்ப்பக்கத்து யூனியனிஸ்ட் தலைவர் இயன் பெய்ஸ்லியோட ஒரே அரசாங்கத்துல உக்காந்தாரு. அத்லோன்ங்கற ஊர்ல ஷாப்பிங் சென்டர்ல ஓட்டுக் கேட்டு வராரு. ஒரு ஆள் குறுக்க வந்து நிக்கறாரு. கையில சட்டம் போட்ட போட்டோ. ராணுவச் சீருடையில அவங்க அப்பா, பேட்ரிக் கெல்லி. 1983 டிசம்பர்ல ஐ.ஆர்.ஏ. கடத்தி வெச்சிருந்த ஒரு தொழிலதிபரை மீட்க லீட்ரிம் மாவட்டத்துக் காட்டுக்குள்ள தேடப் போனாரு, அங்க சுட்டுட்டாங்க. கூட ஒரு பயிற்சி போலீஸ்காரரும் செத்தாரு. கவனிங்க, கெல்லி பிரிட்டிஷ் ராணுவம் இல்லை, அயர்லாந்து ராணுவம். அந்தக் கொலைக்கு யாருக்கும் தண்டனை கிடைக்கலை. அப்பா சாகும்போது இந்தப் பையன் சின்னப் பிள்ளை. யார் சுட்டதுன்னு சொல்லுங்கன்னு கேக்கறாரு. தெரியாதுங்கறாரு மெக்கின்னஸ். பையன் நம்பலை. சுத்திலும் கேமரா.

அந்தப் பையன்கிட்ட போயி "1923ல பாலிசீடியில ஃபினே கேல் முன்னோர் என்ன பண்ணாங்க தெரியுமா"ன்னு சொன்னா அது பதிலா? ஃபினே கேல்காரன் வாயை அடைக்க அது சரியான பதில். அந்தப் பையனுக்கு அது பதிலே இல்லை. கட்சிக்காரங்க கட்சிக்காரங்களுக்குச் சொல்ற பதிலை எடுத்து, செத்தவன் வீட்டு ஆளுக்குச் சொல்றாங்க. நண்பரே, உங்க கேள்வியில எனக்கு உறுத்தறது இதுதான்.

எதிர்ப்பக்கமும் இதையேதான் செய்யுது. தேர்தல் வந்தாதான் ஐ.ஆர்.ஏ. கொன்னவங்க ஞாபகம் வருது சிலருக்கு. 1974ல டப்ளின்லயும் மோனஹன்லயும் லாயலிஸ்ட்கள் வெச்ச குண்டுல 33 பேர் செத்தாங்க, அந்தக் குடும்பங்க உண்மையைக் கேட்டு எத்தனை அரசாங்கத்தோட வாசல்ல நின்னாங்க. அவங்களுக்காக டாய்ல்ல இந்த அளவுக்குக் குரல் உயர்ந்துதா? 2023ல லண்டன் ஒரு சட்டம் கொண்டுவந்து, பழைய கொலை வழக்கு விசாரணைகளையெல்லாம் மூடப் பார்த்துச்சு. விட்டுடலாம்ங்கற பேச்சு எப்பவும் பாதிக்கப்படாதவங்ககிட்ட இருந்துதான் வருது.

2022ல அயர்லாந்து பெண்கள் கால்பந்து அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற சந்தோஷத்துல, உடை மாத்தற அறையில ஐ.ஆர்.ஏ.வை வாழ்த்தற கோஷம் பாடினாங்க. வீடியோ வந்துது, மன்னிப்புக் கேட்டாங்க, ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு யூஃபா 20,000 யூரோ அபராதம் போட்டுது. அந்தப் பொண்ணுங்களைத் திட்ட எனக்கு மனசு வரலை. அவங்களுக்கு அது பாட்டு. சொல்லிக் கொடுக்க வேண்டியவங்க சொல்லிக் கொடுக்கலை.

கடைசியா அந்தச் சதுப்பு நில விஷயம். ஐ.ஆர்.ஏ. உளவாளின்னு சொல்லிக் கடத்திட்டுப் போயி, கொன்னு, ரகசியமாப் புதைச்சவங்க இருக்காங்க. காணாமல் ஆக்கப்பட்டவங்கன்னே அவங்களுக்குப் பேர். ஜீன் மெக்கான்வில், 10 பிள்ளைகளோட அம்மா, புருஷன் இல்லாதவங்க. 1972 டிசம்பர்ல பெல்ஃபாஸ்ட்ல வீட்டுல இருந்து, பிள்ளைங்க கண்ணு முன்னாடி இழுத்துட்டுப் போனாங்க. 2003ல லவுத் மாவட்டத்துக் கடற்கரையில உடல் கிடைச்சுது. அவங்க உளவாளிங்கறதுக்கு எந்த ஆதாரமும் இல்லைன்னு 2006ல போலீஸ் குறைதீர்ப்பு அதிகாரி சொன்னாங்க. இப்படிப்பட்டவங்களைத் தேடறதுக்காகவே 1999ல ரெண்டு அரசாங்கமும் சேர்ந்து ஒரு ஆணையம் அமைச்சாங்க. அங்க சொல்ற தகவலை வெச்சு யார் மேலயும் வழக்குப் போட முடியாதுன்னு சட்டமே இருக்கு. தண்டனை வேண்டாம், எலும்பைக் கொடுங்க, போதும்னு குடும்பங்க இறங்கி வந்திருக்காங்க.

கில்மைக்கல்ல தப்பிச்சு ஓடினாருன்னு சொன்னேனே, அந்த ஆக்ஸிலியரி. அவர் குடும்பமும் உடலைக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. 1926ல அமைச்சரா இருந்த ஓ'ஹிக்கின்ஸ், ஆமா, அதே ஓ'ஹிக்கின்ஸ், உள்ளூர் ஐ.ஆர்.ஏ. ஆட்கள்கிட்ட பேசி எடுத்துக் கொடுக்க வெச்சாரு. 6 வருஷம் ஆச்சு. அவரு எதிரிப் படை ஆளு, அப்பவும் கொடுத்தாங்க.

கொலம்பா மெக்வே, டைரோன் மாவட்டத்துப் பையன், 19 வயசு, கத்தோலிக்கக் குடும்பம். 1975ல கொண்டு போனாங்க. மோனஹன்ல பிராகன் சதுப்புல புதைச்சதா தகவல் கொடுத்தாங்க. அந்த ஆணையம் பல தடவை, ஏக்கர் கணக்குல, அந்தச் சதுப்பைத் தோண்டிப் பார்த்துட்டு வெறும் கையோட திரும்பியிருக்கு. அவங்க அம்மா 2007ல போய்ச் சேர்ந்துட்டாங்க. கூடப் பிறந்தவங்க இன்னும் அந்தச் சதுப்புக்குப் போயிட்டு வராங்க. விட்டுடலாமான்னு அவங்களைத்தான் கேக்கணும்.